காட்டு ஒலிவம்: மலைச்சரிவின் மரமும் டெல்டாவின் மண்ணும்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, காவிரிப் படுகையில் இனி என்ன மரம் வைப்பது என்ற கேள்வி ஓயவே இல்லை. தேக்கு, குமிழ், மகோகனி, சந்தனம், செம்மரம் என்று நீளும் பேச்சில் ஒலிவமும் (ஆலிவ்) அவ்வப்போது வந்து சேர்கிறது. கடையில் ஆலிவ் எண்ணெயின் விலையைப் பார்த்தவருக்கு அந்த ஆசை எழுவது இயல்பு. பயிரிடும் ஒலிவம் நம் ஊரில் வராவிட்டாலும், வறட்சியையும் கல்லாங்குத்து நிலத்தையும் தாங்கும் காட்டு ஒலிவமாவது வருமே என்று அடுத்த கேள்வி வருகிறது. அந்த மரம் வறட்சியைத் தாங்குவதும், ஆடு கடித்த இடத்திலிருந்து திரும்பத் துளிர்ப்பதும், பல தலைமுறைகளுக்கு நிற்பதும் உண்மையே. எந்த மண்ணில், எந்தக் குளிரில் அது அப்படி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் நிலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியும்.

காட்டு ஒலிவம் என்ற பெயரில் இரண்டு மரங்கள் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று, மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் புதராகவும் சிறு மரமாகவும் தானே வளரும் ஒலிவம். அதிலிருந்துதான் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் பயிர் ஒலிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொன்று, தாவரவியலார் ஒலியா யூரோப்பியா கஸ்பிடாட்டா என்று குறிக்கும் துணையினம். தென்னாப்பிரிக்காவில் தொடங்கி, கென்யா, எத்தியோப்பியா மேட்டுநிலங்கள் வழியாக ஏமன், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கடந்து, நம் இமயமலையின் மேற்குச் சரிவுகளில் பரவி, சீனாவின் யுன்னான் வரை செல்லும் மரம் இது. இமாச்சலத்திலும் ஜம்மு மலைகளிலும் இதைக் காஹூ என்கிறார்கள். இந்தியாவில் இயற்கையாக வளரும் காட்டு ஒலிவம் என்று நாம் பேசுவது இதைத்தான்; இக்கட்டுரையும் இதைப் பற்றியதே. சகாரா பாலைவனத்தின் நடுவிலுள்ள ஹோக்கர் மலைகளில்கூட இதன் உடன்பிறப்பான மற்றொரு துணையினம் பாறை இடுக்குகளில் உயிர் பிடித்து நிற்கிறது. இந்த இனத்தின் பிடிவாதத்தை அளக்க அது ஒன்றே போதும்.

ஒலிவக் குடும்பம் டெல்டாவுக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் மல்லிகையும், விடியலில் உதிரும் பவழமல்லியும் அதே குடும்பத்தவை. மல்லிகைப் பூ ஒன்றின் குழலை நகத்தால் கீறிப் பிரித்தால் உள்ளே இரண்டே இரண்டு மகரந்தத் தாள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பவழமல்லியிலும் இரண்டுதான், ஒலிவத்தின் சிறிய வெண்ணிறப் பூவிலும் இரண்டுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. இடலை எனப்படும் அந்த மரம் காவிரி பிறக்கும் குடகுக் காடுகளில் பரவலாக வளர்கிறது. காவிரி தலைப்பகுதியில் ஒலிவ இனத்தின் நிழலில் பிறந்து, கடைமடையில் அந்தக் குடும்பத்தின் பூச்செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு கடலில் சேர்கிறது என்று சொல்லலாம்.

காட்டு ஒலிவத்தை அடையாளம் காண இலையைத் திருப்பிப் பார்ப்பதே நேர்வழி. பயிர் ஒலிவத்தின் இலையடி வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும்; காட்டு ஒலிவத்தின் இலையடியோ பொன் கலந்த துருநிறம். கைக்கண்ணாடியால் நோக்கினால், அந்த நிறம் சாயமாக இல்லாமல், குடை விரித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நுண்ணிய செதில்களால் ஆனது என்பது தெரியும். இலைத்துளைகள் அந்தச் செதில்களுக்கு அடியில் இருப்பதால், வறண்ட காற்று இலையிலிருந்து நேராக நீரை உறிஞ்ச முடிவதில்லை. இலைகள் ஈட்டி வடிவில், எதிரெதிராக, நுனியில் சிறு கூருடன் இருக்கும். மரம் வழக்கமாகப் 10 முதல் 15 மீட்டர் வரை உயரும். அடிமரம் வயதானால் முறுக்கிக்கொண்டு குழிவிழுந்து போகும். கனி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானது, பழுத்தால் கருஞ்சிவப்பாகும். சதை கொட்டையின்மேல் மெல்லிய தோலளவுக்கே இருக்கும். ஆகவே எண்ணெய் பிழியலாம் என்ற நினைப்பில் காட்டு ஒலிவம் வைப்பவருக்கு உரலில் மிஞ்சுவது கொட்டைதான்.

இந்த மரம் விரும்பி நிற்கும் இடங்களை ஒருசேர நோக்கினால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. இமயமலையில் ஏறத்தாழ 500 முதல் 2000 மீட்டர் உயரம் வரையுள்ள வறண்ட சரிவுகள். பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் வேல இன மரங்களோடு சேர்ந்த புதர்க்காடு. கிழக்கு ஆப்பிரிக்காவில் சூனிப்பர் என்ற ஊசியிலை மரங்களுடன் கலந்த உயர்நிலக் காடு. மழை ஓரிடத்தில் குறைவு, ஓரிடத்தில் நடுத்தரம். ஆனால் எல்லா இடத்திலும் நிலம் சாய்வாகவோ கல்லாகவோ இருக்கிறது, பெய்த நீர் வேரைத் தாண்டி ஓடிவிடுகிறது, இரவுகள் குளிர்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கென்யாவில் இது வளர்வதைக் காட்டி வெப்பநாட்டு மரம் என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே அது நிற்பது ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மேட்டில் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

பயன்களில் முதலிடம் மரத்துக்கே. மிகக் கனமான, நெருங்கிய இழையுள்ள, கறையான் எளிதில் தொடாத மரம். வெளிர் நிறத்தில் கருங்கோடுகள் ஓடும் வைரம். மண்வெட்டிப் பிடி, கைத்தடி, வேலிக்கால், செதுக்கு வேலை என்று அது பிறந்த நாடுகள் எல்லாவற்றிலும் கைக்கருவி மரமாக விளங்குகிறது. மெதுவாக எரிந்து நல்ல தணல் தருவதால் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்படுகிறது. அதன் கிளைக்குச்சிகளைப் பல் துலக்கவும் பயன்படுத்துகிறார்கள். நம் கோடியக்கரைக் காட்டில் வளரும் உகாயின் குச்சி, மிஸ்வாக் என்ற பெயரில் பள்ளிவாசல்களை ஒட்டிய கடைகளில் விற்கப்படுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எனக்கு மிகவும் பிடித்த பயன் பால் சார்ந்தது. கென்யாவின் மாடு மேய்க்கும் மக்கள் பால் வைக்கும் சுரைக்குடுக்கையை வெறுமனே கழுவி வைப்பதில்லை. காட்டு ஒலிவக் குச்சியின் நுனியைத் தணலாக்கி, குடுக்கைக்குள் விட்டு, உட்சுவரில் தேய்த்துத் தேய்த்துப் புகையேற்றுகிறார்கள். புகையும் கரித்தூளும் உட்புறத்தில் படிய, பால் விரைவில் கெடாமல் ஒரு தனி மணத்துடன் இருக்கிறது. எத்தியோப்பியாவில் இதே மரத்தை வெய்ரா என்கிறார்கள். அங்கே வீட்டில் காய்ச்சும் பீரின் சாடிகளுக்கும் இதன் புகைதான் போடப்படுகிறது. அந்நாட்டின் வடக்கு மேட்டுநிலங்களில் சுற்றிலும் காடு அழிந்துவிட்ட பின்பும், பழைமையான தேவாலயங்களைச் சுற்றிய சோலைகளில் வெய்ராவும் சூனிப்பரும் வெட்டப்படாமல் நிற்கின்றன. தல மரத்தை வெட்டாத வழக்கமுள்ள நமக்கு அந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

இலை மருந்தாகவும் வழங்குகிறது. தென்னாப்பிரிக்க நாட்டு வைத்தியத்தில் இலைக் கஷாயம் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படுகிறது. ஒலிவ இலையின் கசப்புக்குக் காரணமான ஒலியூரோப்பின் என்ற பொருளைப் பற்றி ஆய்வுகளும் நடந்துள்ளன. அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய கஷாயங்களைத் தொடக்கூடாது.

உழவர் பார்வையில் காட்டு ஒலிவத்தின் பெரும் மதிப்பு அதன் வேரில் இருக்கிறது. பாகிஸ்தானின் வடமேற்கு மலைகளில் தானே முளைத்து நிற்கும் காட்டு ஒலிவங்களின் தலையை வெட்டி, அந்த அடிமரத்தில் நல்ல பயிர் ஒலிவத்தின் குச்சியை ஒட்டுக் கட்டும் பணி பெரிய அளவில் நடந்துவருகிறது. புதிதாக ஒரு கன்றை நட்டு, அது வேர்விட்டு, வறட்சியைக் கடந்து காய்க்கும் வரை காத்திருப்பதைவிட, நிலத்தை ஏற்கெனவே தன்வசப்படுத்திக்கொண்ட வேரின்மேல் பழமரத்தை ஏற்றுவது விரைவானது. இதில் தவறும் வழிகள் மூன்று உண்டு. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் காட்டுக் கிளையைக் கிள்ளாமல் விட்டால், இரண்டொரு ஆண்டில் காட்டு மரமே மேலெழுந்து ஒட்டை நெருக்கிவிடும். ஆட்டுக்கு எட்டும் உயரத்தில் கட்டிய ஒட்டு நிலைக்காது. அறுவடை செய்து ஆலைக்குக் கொண்டுபோக வழியில்லாத மலையில் காய் பிடித்தும் பயனில்லை.

காட்டு ஒலிவமும் ஒட்டும் சேர்ந்த பேச்சு டெல்டாவுக்கு முதலில் வந்தது வேளாண்மை வழியாக அன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மறைபரப்பாளர் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அங்கேயே அச்சாகியது. அதிலுள்ள ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், காட்டொலிவக் கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைப்பதாக ஓர் உவமை வருகிறது. தோட்டக்காரர் செய்வது இதற்கு நேர்மாறு: வேர் காட்டினுடையது, கிளை தோட்டத்தினுடையது. உவமையில் வரும் ஒட்டு இயல்புக்கு மாறானது என்று நிருபத்தை எழுதிய பவுலே அதே அதிகாரத்தில் குறிப்பிடுவதால், உவமையின் வலுவே அந்தத் தலைகீழ் முறையில்தான் இருக்கிறது. உவமை வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒலிவ எண்ணெயும் நம் கரைக்கு வந்துவிட்டது. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியச் சாடிகளுள் சில எண்ணெய் கொண்டுவந்தவை என்று அவற்றின் வடிவத்தைக் கொண்டு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். எண்ணெய் வந்தது, அதைத் தந்த மரம் இந்தக் கரையில் வேரூன்றவில்லை. காரணத்தை மண்ணிலும் குளிரிலும் தேட வேண்டும்.

முதலில் மண். மார்கழியில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நன்செய் வரப்பில் மண்வெட்டி கொண்டு இரண்டடி தோண்டினால், குழியின் பக்கங்களிலிருந்து நீர் கசிந்து அடியில் தேங்கிவிடும். வெட்டி எடுத்த களிமண்ணைக் கையில் பிசைந்தால் விளக்கு செய்யலாம் என்ற அளவுக்கு ஒட்டும். சாம்பல் நிறமும் நடுநடுவே துருக்கறையும் அது மாதக்கணக்கில் காற்றில்லாமல் கிடந்ததைக் காட்டும். நெல்லின் வேர் இதற்கென்றே அமைந்தது: தண்டின் வழியாகக் காற்றைக் கீழே இறக்கிக்கொள்ளும். ஒலிவத்தின் வேருக்கு அந்த வசதி இல்லை. நீர் தேங்கிய மண்ணில் அது மூச்சுத் திணறுகிறது, நுனிவேர்கள் அழுகுகின்றன, பூஞ்சை நுழைகிறது, மேலே இலை வாடுகிறது. இலை வாடுவதைக் கண்டு நீர் போதவில்லை என்று இன்னும் பாய்ச்சுபவர் மரத்தின் சாவை விரைவுபடுத்துகிறார்.

மத்தியதரைக் கடல் நாடுகளிலும் குளிர்காலத்தில்தானே மழை பெய்கிறது, அங்கே ஒலிவம் அழுகவில்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அங்கே மழைக்காலத்தில் மண் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த மண்ணில் வேரின் மூச்சும் மண்ணுயிர்களின் மூச்சும் மந்தமாவதால், இருக்கும் சிறிது காற்று நெடுநேரம் தாங்கும். நம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெதுவெதுப்பான மண்ணில் கொட்டுகிறது. வேர் முழு வேகத்தில் மூச்சுவிடும் வேளையில் காற்று அடைபடுகிறது. மழையின் அளவை மட்டும் பார்த்து இரண்டு நாடுகளை ஒப்பிடுவது இதனால்தான் தவறாக முடிகிறது.

அடுத்தது குளிர். பயிர் ஒலிவத்தின் மொட்டு பூவாக மாற வேண்டுமானால் குளிர்காலத்தில் சில வாரங்களாவது நல்ல குளிர் தேவை. இல்லையேல் மரம் தழைத்து வளரும், பூக்காது. ராஜஸ்தான் அரசு இஸ்ரேலிய உதவியுடன் 2007இல் தொடங்கிய ஒலிவத் திட்டத்தையும், 2014இல் பிகானேர் மாவட்டத்தின் லூன்கரன்சரில் திறக்கப்பட்ட எண்ணெய் ஆலையையும் காட்டி, பாலைவனத்திலேயே வரும்போது நமக்கு வராதா என்று கேட்பவர்கள், அந்தப் பாலைவனத்தின் தை மாத இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குகிறது. மணல் நீரை வடித்துவிடுகிறது. தேவையான நீரைச் சொட்டுநீர்ப் பாசனம் அளந்து தருகிறது. தஞ்சையிலும் நாகையிலும் தை மாத விடியலிலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. காட்டு ஒலிவத்துக்குப் பயிர் ஒலிவத்தைவிடக் குறைந்த குளிர் போதலாம் என்பதற்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள் சான்று. ஆனால் அந்த மேட்டுநில இரவுகூட நம் கடற்கரைச் சமவெளிக்கு வாய்ப்பதில்லை.

இவ்வளவையும் அறிந்த பிறகும் ஒன்றிரண்டு மரங்களை ஆசைக்காக வளர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு இடம் முற்றிலும் இல்லை என்று சொல்லமாட்டேன். வல்லத்தைச் சுற்றிய செம்புறாங்கல் மேடும், வேதாரண்யத்தின் மணல் திடல்களும் டெல்டாவின் பிற பகுதிகளைவிட நீரை விரைவாக வடிப்பவை. ஒலிவம் ஓரளவு உப்பையும் தாங்கும். அங்கேயும் தரையை ஒட்டி நடாமல், இரண்டடி உயர மண்மேடு கட்டி அதன் உச்சியில் நட வேண்டும். விதை வழி வளர்ப்பதாயின், பழுத்த கனியின் சதையை முழுதும் நீக்கிக் கழுவி, ஊறவைத்து, கடினமான கொட்டையின் நுனியை உள்பருப்பு காயப்படாமல் லேசாக வெட்டி, மணலில் ஊன்ற வேண்டும். நுனி வெட்டாத கொட்டை மாதக்கணக்கில் கிடந்து, முளைத்தாலும் முளைக்கும், முளைக்காமலும் போகும். குச்சி வழி வளர்ப்பது இதைவிடக் கடினம். வேர் ஊக்கியில் தோய்த்து, நுண்துளியாக நீர் தூவும் ஈரப்பனி அறையில் வைத்தாலும் பயிர் ஒலிவ வகைகள் அளவுக்கு இது எளிதில் வேர்விடாது. முதல் ஆண்டுகளில் வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துருநிற இலையடியுள்ள ஓர் அழகிய நிழல் மரம் கிடைக்கும்.

குளிர்ந்த மலைப்பகுதியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை வேறுவிதமானது. அங்கே இது காய்க்கும், பறவைகள் உண்டு பரப்பும். ஆஸ்திரேலியாவில் 19ஆம் நூற்றாண்டில் வேலிக்கும் ஒட்டு வேருக்கும் கொண்டுவரப்பட்ட இதே மரம், சிட்னிக்கு மேற்கேயுள்ள காடுகளில் அடர்ந்து பரவி, அடியில் ஒரு புல்லும் முளைக்காத நிழலை உண்டாக்கியிருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதை உள்ளூர்த் தாவரக் கூட்டங்களுக்கான அச்சுறுத்தலாக முறைப்படி அறிவித்துள்ளது. ஹவாய்த் தீவுகளிலும் இதே கதை. நம் சமவெளி சீமைக் கருவேலத்திடமும், நம் மலைகள் உண்ணிச் செடியிடமும் பட்ட பாட்டை அறிந்த பிறகு, கொடைக்கானலிலோ நீலகிரியிலோ காட்டு ஒலிவத்தைப் பரப்பும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: இலங்கையில் வெரளிக்காய் எனப்படும் மரத்தையும் சிலோன் ஆலிவ் என்று விற்கிறார்கள். அதன் பச்சைக்காய் பார்வைக்கு ஒலிவம் போலவே இருக்கும், ஊறுகாய்க்கும் ஆகும். ஆனால் அது உருத்திராட்சத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஈரமும் வெப்பமும் விரும்புவது. அதன் குணத்தை ஒலிவத்தின் குணமாகவோ, ஒலிவத்தின் குறையை அதன் குறையாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

காட்டு ஒலிவம் பிற நாடுகளில் செய்யும் வேலைகளை டெல்டாவில் யார் செய்கிறார்கள் என்று கேட்டால் விடைகள் அருகிலேயே உள்ளன. எண்ணெய்க்குக் கடலோரத்தில் புன்னை, உள்நாட்டில் இலுப்பை. கோயில் விளக்குகளை நெடுங்காலம் எரித்தவை இவை. புன்னை உப்புக் காற்றையும் மழைக்கால ஈரத்தையும் தாங்கும் என்பதால் நாகைக் கடற்கரைக்கு ஏற்றது. கைக்கருவி மரத்துக்குக் கருவேலமும் பாலையும். இந்தப் பாலை, 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையின் உலர் பசுமைக் காட்டில் முதன்மையான மரம். உலக்கை கடைய உகந்ததால் உலக்கைப்பாலை. கோடையில் வேதாரண்யம் பக்கம் விற்பனைக்கு வரும் பாலைப்பழத்தைத் தின்றவர்களுக்குத் தெரியும்: சிறிய மஞ்சள் பழம், தேன்போன்ற இனிப்பு, நாலு பழத்துக்குள் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும்.

சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாக இந்தியா முழுவதும் பயன்படுவது இந்தப் பாலைதான். காட்டு ஒலிவத்துக்கும் பயிர் ஒலிவத்துக்கும் உள்ள அதே உறவு இங்கே நம் மண்ணில் நன்கு வளரும் இரண்டு மரங்களுக்கிடையே இருக்கிறது; கஜாவுக்குப் பின் மணற்பாங்கான நிலத்தில் பழமரம் வைக்க நினைப்பவர் ஒலிவக் கன்றைத் தேடி அலைவதைவிட, பாலை வேரில் கட்டிய சப்போட்டா ஒட்டைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல். சொந்தமாகக் கட்ட விரும்புவோர், சரணாலயத்துக்குள் எதையும் எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், பட்டா நிலத்தில் நிற்கும் பாலையின் புதிய கொட்டைகளையே மணலில் ஊன்ற வேண்டும். நாற்று மெதுவாக வளரும். நாற்றைச் சப்போட்டாத் தாய்மரத்தின் கிளையோடு சேர்த்துக் கட்டும் நெருக்கு ஒட்டுக்கு வேண்டிய பென்சில் கனம் வர இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். ஒட்டு நன்றாகக் கூடிய பிறகே தாய்மரத்திலிருந்து பிரிக்க வேண்டும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே எழும் பாலைத் துளிர்களைப் பார்த்தவுடன் கிள்ளிவிட வேண்டும்.